உறைபனியில் ஒரு துள்ளல்

அலாஸ்காவில் சறுக்குவண்டி நாய்களை வளர்ப்பவர்களின் முற்றத்தில், இரவெல்லாம் பனி கொட்டிய மறுநாள் காலையில் நாய்களைத் தேட வேண்டியிருக்கும். கட்டிய இடத்தில் சங்கிலி தெரியும், நாய் தெரியாது. வரிசையாகச் சின்னச் சின்ன வெள்ளை மேடுகள் மட்டும் இருக்கும். தீவன வாளியின் சத்தம் கேட்டதும் ஒரு மேடு உடையும். உள்ளிருந்து ஹஸ்கி ஒன்று எழுந்து, தலையில் தொடங்கி வால் நுனிவரை ஓர் உதறு உதறி, முன்னங்கால்களை நீட்டிச் சோம்பல் முறிக்கும். அடுத்த நிமிடம் முற்றம் முழுக்க ஊளையும் குரைப்பும்தான். ஒவ்வொரு நாய்க்கும் பக்கத்திலேயே வைக்கோல் பரப்பிய மரக்கூண்டு உண்டு. காற்று அடங்கிய இரவுகளில் பல நாய்கள் அதற்குள் போவதே இல்லை. சில அதன் கூரைமேல் ஏறிப் படுத்துக்கொள்கின்றன.

உதறுவதற்கு முன் அந்த முதுகைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். முடி நுனிகளில் பனித்துகள்கள் விழுந்த மேனிக்கு, வடிவம் கெடாமல் உட்கார்ந்திருக்கும். கையுறையைக் கழற்றிவிட்டு விரல்களை உள்ளே நுழைத்தால் முதலில் சில்லென்று இருக்கும். இன்னும் உள்ளே போனால் இளஞ்சூடு. தோலைத் தொடும்போது நல்ல கதகதப்பு. நாயின் உடல் வெப்பம் சுமார் 38.5 டிகிரி செல்சியஸ். வெளியே மைனஸ் 30. கிட்டத்தட்ட 70 டிகிரி வித்தியாசம் சில சென்டிமீட்டர் முடிக்குள் அடங்கிவிடுகிறது. உடலின் சூடு வெளியே கசிந்திருந்தால் முதுகில் விழுந்த பனி எப்போதோ உருகி ஓடியிருக்கும்.

இந்த நாய்கள் பனியில் புரள்வதையும், மூக்கால் அதை உழுதுகொண்டு போவதையும், திடீரென்று வட்டமடித்து ஓடுவதையும் பார்க்கிறவர்கள், “இந்தக் குளிரை எப்படித்தான் தாங்குகின்றனவோ!” என்று வியப்பார்கள். நாயின் பக்கமிருந்து பார்த்தால் கேள்வியே வேறு. குளிர் அவற்றுக்குப் பெரிய தொல்லையாக இல்லை. தங்கள் உடலே உண்டாக்கும் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதுதான் அவற்றின் பெரிய கவலை. கடுங்குளிர் அந்தக் கவலையைத் தீர்த்துவைக்கிறது.

காற்றைச் சிறைபிடிக்கும் முடி

ஹஸ்கி, மாலமுட், சமோயெட், கிரீன்லாந்து நாய் போன்ற வடதுருவ இனங்களுக்கு இரட்டை முடி. மேலே தெரிவது நீளமான, விறைப்பான காவல்முடி. அதை விலக்கிப் பார்த்தால் அடியில் மெல்லிய, நெளிநெளியான உள்முடி அடர்ந்திருக்கும். தோலின் ஒரே துளையிலிருந்து ஒரு காவல்முடியும், அதைச் சுற்றிப் பல உள்முடிகளும் கிளம்புவதால்தான் இவ்வளவு அடர்த்தி. அலாஸ்கன் மாலமுட்டின் உள்முடி 1 முதல் 2 அங்குல ஆழம் இருக்க வேண்டும் என்று அமெரிக்கன் கென்னல் கிளப்பின் இன வரையறை சொல்கிறது.

சூட்டைக் காக்கும் வேலையைச் செய்வது முடியிழைகள் மட்டுமல்ல. அவற்றின் இடுக்குகளில் அசையாமல் நிற்கும் காற்றுதான் அதில் முக்கியம். அசையாத காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். தண்ணீரோ காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் நன்றாகக் கடத்தும். ஆகவே உள்முடி நனையாமல் இருப்பது உயிர்நாடியான விஷயம். காவல்முடியில் தோலின் எண்ணெய்ச் சுரப்பு படிந்திருப்பதால் பனியும் ஈரமும் மேலேயே நின்றுவிடுகின்றன. குளிர் கூடினால் மயிர்க்கால்களில் இருக்கும் சின்னஞ்சிறு தசைகள் சுருங்கி முடியைச் சிலிர்த்து நிற்கச் செய்யும். அப்போது காற்றுப்படலம் இன்னும் தடிமனாகும். மனிதருக்கும் குளிரில் புல்லரிக்கிறது. போர்த்திக்கொள்ள முடி இல்லாததால் நமக்கு அதனால் பலன் இல்லை.

புதிதாக விழுந்த பனியும் இதே தத்துவத்தில்தான் நாய்க்கு உதவுகிறது. அதன் பருமனில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையாமல் காற்று. நாய் உடலைச் சுருட்டி, கால்களை வயிற்றோடு இழுத்துக்கொண்டு, அடர்ந்த வாலை மூக்கின்மேல் போட்டுப் படுக்கிறது. காற்றுக்குக் காட்டும் பரப்பு குறைந்துவிடுகிறது. இழுக்கும் மூச்சும் வால்முடியைத் தாண்டி வரும்போது சற்றுச் சூடேறுகிறது. மேலே பனி மூட மூட, வீசும் காற்றும் அதன்மேல் படாமல் போகிறது. காலையில் தெரியும் வெள்ளை மேடுகள் அந்த நாய்களுக்குக் கூடுதல் போர்வை.

இதற்கெல்லாம் முதன்முதலில் முறையான அளவு கொடுத்தவர்கள் பெர் ஷோலாண்டர், லாரன்ஸ் இர்விங் ஆகியோரின் குழுவினர். அலாஸ்காவின் வட முனையான பாயின்ட் பேரோவில் வடதுருவ விலங்குகளையும், பனாமாவில் வெப்பமண்டல விலங்குகளையும் சோதித்து 1950இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெளிக்குளிர் எவ்வளவு இறங்கினால் ஒரு விலங்கு தன் உடல் சூட்டைக் காக்கக் கூடுதலாக எரிபொருள் செலவழிக்கத் தொடங்குகிறது என்பதே அவர்கள் தேடிய எல்லை. உடையில்லாத மனிதருக்கு அது சுமார் 27 டிகிரி. வெப்பமண்டல விலங்குகள் பலவும் 20க்கும் 30க்கும் இடையிலேயே திணறத் தொடங்கின. நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த வடதுருவ வெள்ளை நரியோ மைனஸ் 40 வரை எதுவும் நடக்காததுபோல் இருந்தது. எரிபொருளை அதிகம் எரித்துக் குளிரோடு மல்லுக்கட்டுவதைவிட, போர்வையைக் கெட்டியாக்கிக்கொள்வதே வடதுருவத்தின் வழி என்று அந்த ஆய்வு காட்டியது.

உறையாத வெறுங்கால்

உடம்புக்குப் போர்வை இருக்கிறது. பாதம்? பனிக்கட்டியை நேராகத் தொடும் அடிப்பஞ்சில் முடி கிடையாது. மணிக்கணக்கில் அதன்மேல் நின்றும் ஏன் உறைந்துபோவதில்லை?

ஜப்பானில் ஹிரோயோஷி நினோமியாவும் உடன் ஆய்வாளர்களும் நாயின் பாதத்து ரத்தக்குழாய்களில் பிசின் ஏற்றி வார்ப்பெடுத்து, மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில், பாதத்துக்குச் சூடான ரத்தம் கொண்டுவரும் தமனிகளைச் சுற்றி, குளிர்ந்த ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் சிறு சிரைகள் வலையாகப் பின்னியிருப்பது தெரிந்தது. காய்ச்சிய பால் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைத்தால் பால் ஆறும், தண்ணீர் சூடேறும். அதுபோல, இறங்கி வரும் ரத்தத்தின் சூடு பக்கத்திலேயே ஏறிப்போகும் ரத்தத்துக்கு மாறிவிடுகிறது. பாதம் உறையாத அளவுக்கு மட்டும் சூடு கீழே இறங்குகிறது. குளிர்ந்த ரத்தம் இதயத்துக்குப் போய்ச் சேருவதும் தவிர்க்கப்படுகிறது.

இந்தக் கட்டுப்பாடு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு 1972இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஒரு சோதனை சாட்சி. வடதுருவ நரி, சாம்பல் ஓநாய் ஆகியவற்றின் பாதங்களை மைனஸ் 35 டிகிரி திரவத்தில் வைத்து அளந்தார்கள். பாதத்தின் வெப்பம் மைனஸ் 1 டிகிரியை ஒட்டி, திசு உறையும் புள்ளிக்குச் சற்று மேலேயே நின்றது. அதற்குக் கீழே இறங்கவிடாமல், அதற்கு மேல் ஒரு துளி சூட்டையும் வீணாக்காமல் உடல் ரத்தத்தை அளந்து அனுப்பிக்கொண்டிருந்தது.

துள்ளலின் வெப்பக் கணக்கு

இனி அந்த ஓட்டத்துக்கும் புரளலுக்கும் வரலாம். தசை வேலை செய்யும்போது அது எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் அசைவாக மாறுகிறது. மீதியெல்லாம் வெப்பம். நாற்கால் பாய்ச்சலில் ஓடும் நாயின் உடல் ஓய்வில் இருப்பதைப்போல் 10 மடங்குக்கும் அதிகமான சூட்டை உண்டாக்கும். மனிதருக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு அந்த வசதி பாதத்தில் மட்டும் கொஞ்சம் உண்டு. பெரும்பாலான சூட்டை நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். இவ்வளவு கெட்டியான போர்வையையும் போட்டுக்கொண்டு, ஒரு மிதமான நாளில் ஹஸ்கி ஓடினால் சில நிமிடங்களில் உடல் சூடு ஏறி, ஓட்டம் தளர்ந்துவிடும்.

மைனஸ் 20இல் அந்தத் தடை நீங்குகிறது. இளைக்கும் ஒவ்வொரு மூச்சும் நிறையச் சூட்டை அள்ளிச் செல்கிறது. வயிற்றடியிலும் தொடையிடுக்கிலும் முடி குறைவு. அந்த இடங்கள் சூட்டை வெளியேற்றும் சாளரங்கள். நன்றாக ஓடிய நாய் நான்கு காலையும் பரப்பிக்கொண்டு வயிற்றைப் பனியில் அழுத்திப் படுப்பது அந்தச் சாளரங்களைத் திறப்பதற்காகத்தான். வண்டியை இழுத்து ஓடிக்கொண்டிருக்கும்போதே நாய் தலையைச் சாய்த்து, ஓரத்துப் பனியில் ஒரு வாய் அள்ளிக்கொண்டு, ஓட்டம் தப்பாமல் தொடரும். மஷர்கள் என்று அழைக்கப்படும் வண்டியோட்டிகள் இதைக் கவனித்துக்கொண்டே வருவார்கள். எந்த நாய் அடிக்கடி பனி அள்ளுகிறதோ அதற்குச் சூடு ஏறுகிறது என்று பொருள். மதிய வெயில் உறைநிலையை நெருங்கினால் அவர்கள் நாய்களை வைக்கோலில் படுக்கவைத்துவிட்டு, இரவுக் குளிரில் பயணத்தைத் தொடர்வதுண்டு.

அலாஸ்காவில் 1973 முதல் நடக்கும் இடிடராட் பந்தயத்தில் நாய்க்கூட்டங்கள் சுமார் 1,600 கிலோமீட்டரைக் கடக்கின்றன. அப்போது ஒரு நாய் நாளொன்றுக்கு 10,000 கலோரிக்கு மேல் செலவழிக்கும். சுமார் 25 கிலோ எடையுள்ள ஒரு பிராணி, கடின உழைப்பாளியான மனிதர் உண்பதைப்போல் இரண்டு மூன்று மடங்கு உண்கிறது. சாப்பாட்டில் பெரும்பங்கு கொழுப்பு. ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் டேவிஸ் இந்த நாய்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். ஓட்டம் தொடங்கிய சில நாட்களுக்குள் அவற்றின் உடல் தன்னை மாற்றியமைத்துக்கொண்டு, களைப்பு சேராமல் நாள்தோறும் ஓடப் பழகிவிடுவதை அவர் காட்டினார். இப்படிப்பட்ட உலை ஒன்றை உடலுக்குள் வைத்திருக்கும் பிராணிக்குக் குளிர்காற்று எவ்வளவு பெரிய சகாயம்!

பனியைக் கண்டதும் வரும் உற்சாகத்தில் சூட்டுக் கணக்கு தவிர வேறு விஷயங்களும் உண்டு. புதுப் பனி காலுக்குக் கீழே வழுக்குகிறது, நழுவுகிறது, பறக்கிறது. ஒவ்வோர் அடியும் விளையாட்டு. பனிக்கு அடியில் ஓடும் எலியின் வாசனையும் சத்தமும் மூக்கையும் காதையும் இழுக்கின்றன. முன்னுடலைத் தாழ்த்தி, பின்னுடலைத் தூக்கி, வாலை ஆட்டி அழைப்பது நாய்களுக்குள் “விளையாட வா” என்பதற்கான அடையாளம். மார்க் பெக்காஃப் போன்ற விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் இந்த வணக்கத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். பசியோ பயமோ வலியோ உள்ள விலங்கு விளையாடுவது அரிது. பனிப்பொழிவின் நடுவில் ஒரு ஹஸ்கி இன்னொன்றுக்கு முன் அப்படித் தாழ்ந்து நிற்கிறதென்றால், அதன் உடல் சௌகரியமாக இருக்கிறது என்று நம்பலாம்.

ஒன்பதாயிரம் ஆண்டுப் பழக்கம்

இந்த உடலமைப்பு நேற்று வந்ததல்ல. சைபீரியாவுக்கு வடக்கே, உறைந்த கடலில் இருக்கும் சோக்கோவ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய நாய் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. அவற்றோடு சறுக்குவண்டியின் பாகங்களும் கிடைத்தன. 2020இல் வெளியான ஓர் ஆய்வு அந்தப் பழைய நாயின் மரபணுத்தொகையை, இன்று கிரீன்லாந்தில் வண்டி இழுக்கும் நாய்களுடன் ஒப்பிட்டது. இரண்டும் நெருங்கிய உறவு. கொழுப்பை மிகுதியாக உண்டு செரிக்க உதவும் மாற்றங்கள் கிரீன்லாந்து நாய்களிடம் தெரிந்தன. தானியம் உண்ட விவசாயக் குடிகளோடு வாழ்ந்த நாய்களிடம் மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு பல நகல்களாகப் பெருகியிருக்கும். சீல், வால்ரஸ், மீன் என்று வாழ்ந்த மக்களோடு இருந்த இந்த நாய்களிடம் அந்தப் பெருக்கம் இல்லை. மனிதரும் நாயும் ஒரே தட்டில் சாப்பிட்ட வரலாறு இது.

முடியின் கதையும் மரபணுவில் இருக்கிறது. 2009இல் 80 இனங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்தபோது, முடியின் நீளம், சுருள், முகத்து மீசைமுடி ஆகிய வேறுபாடுகளில் பெரும்பாலானவற்றை மூன்றே மரபணுக்கள் தீர்மானிப்பது தெரிந்தது. நீளத்துக்குப் பொறுப்பான எஃப்ஜிஎஃப்5 மரபணு மாறினால் முடி வளரும் காலம் கூடிவிடும். ஆனால் நீள முடி வேறு, குளிருக்கான முடி வேறு. இந்த வேறுபாட்டை ஆல்ப்ஸ் மலையில் துறவிகள் பட்டறிவால் கண்டுகொண்டார்கள்.

சுவிட்சர்லாந்து, இத்தாலி எல்லையில் 2,469 மீட்டர் உயரத்தில் கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாய் இருக்கிறது. அங்குள்ள மடத்தின் நாய்கள் பனியில் புதைந்த வழிப்போக்கர்களை மோப்பம் பிடித்துக் காப்பாற்றிப் பேர்பெற்றவை. 1800 முதல் 1814 வரை வாழ்ந்த பாரி என்ற நாய் நாற்பது பேருக்கு மேல் காப்பாற்றியதாகச் சொல்வார்கள்; அதன் பாடம் செய்த உடல் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாரியின் முடி குட்டையானது. 19ஆம் நூற்றாண்டில் நாய்களின் எண்ணிக்கை குறைந்தபோது துறவிகள் நியூஃபவுண்ட்லாந்து இனத்தோடு கலந்தார்கள். நீளமான அழகிய முடியோடு குட்டிகள் பிறந்தன. மலையில் இறக்கியபோதோ அந்த முடியில் பனி ஒட்டி, கட்டி கட்டியாக உறைந்து, நாயைக் கீழே இழுத்தது. நீளமுடி நாய்களைத் துறவிகள் பள்ளத்தாக்கு மக்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

போர்வைக்கும் எல்லை உண்டு

1925 ஜனவரியில் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. மருந்தை நெனானா என்ற ரயில் நிலையத்திலிருந்து சுமார் 1,085 கிலோமீட்டர் தூரம் நாய்வண்டிகள் கைமாற்றிக் கொண்டுபோயின. 20 ஓட்டிகள், ஏறத்தாழ 150 நாய்கள், ஐந்தரை நாள். பால்டோ, டோகோ என்ற நாய்களின் புகழ் அங்கிருந்து வந்தது. அதே ஓட்டத்தில் சார்லி எவன்ஸ் என்ற ஓட்டி மைனஸ் 50ஐ ஒட்டிய குளிரில் புறப்பட்டபோது, தன் இரண்டு முன்னோடி நாய்களின் தொடையிடுக்கை மூடும் முயல்தோலை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார். அவை முடி குறைந்த கலப்பின நாய்கள். வழியில் இரண்டும் உறைபனிக் காயத்தால் சரிந்தன. எவன்ஸ் தானே வாரை மாட்டிக்கொண்டு மற்ற நாய்களோடு வண்டியை இழுத்துச் சேர்த்தார். சூட்டை வெளியேற்றும் அதே சாளரம், குளிர் எல்லை மீறும்போது உயிருக்கு வினையாகிவிடுகிறது.

ஆகவே பனியில் குதிக்கும் நாயைப் பார்த்து எல்லாம் நலம் என்று இருந்துவிடக் கூடாது. முடி நனைந்தால் காற்றுப்படலம் போய்விடும். பலத்த காற்று அதைக் கலைத்துவிடும். குட்டிகளுக்கும், கிழ நாய்களுக்கும், மெலிந்தவற்றுக்கும் தாங்கும் எல்லை மிகவும் குறைவு. காது நுனியும் தாய் நாயின் முலைக்காம்பும் முதலில் உறையும் இடங்கள். கால்விரல் இடுக்கில் பனி உருண்டைகள் சேர்ந்து தோலைக் கிழிக்கும் என்பதால்தான் பந்தய நாய்களுக்குத் துணிக் காலுறை மாட்டுகிறார்கள்.

நல்ல போர்வையும் நல்ல உடலும் சேர்ந்தாலும் தப்பிப்பது எவ்வளவு கடினம் என்பதை அண்டார்க்டிகா காட்டியது. 1958 பிப்ரவரியில் மோசமான வானிலையால் ஜப்பானியக் குழு ஷோவா நிலையத்தில் 15 சகாலின் ஹஸ்கி நாய்களைச் சங்கிலியோடு விட்டுவிட்டுப் புறப்பட நேர்ந்தது. 1959 ஜனவரியில் அடுத்த குழு போய் இறங்கியபோது டாரோ, ஜிரோ என்ற இரண்டு நாய்கள் உயிரோடு இருந்தன. ஏழு நாய்கள் சங்கிலியிலேயே இறந்து கிடந்தன. ஆறு காணாமல் போயிருந்தன. அந்த இரண்டும் அண்டார்க்டிகாவின் முழுக் குளிர்காலத்தையும் கூரையில்லாமல் கடந்திருந்தன.

பனி விலகும் நாடுகளில்

குளிருக்காகவே செதுக்கப்பட்ட இந்த உடல், வெப்பமான ஊரில் படும் பாடு சென்னையிலும் தெரியும். குளிர்சாதன அறையில் அடைந்து கிடக்கும் ஹஸ்கிகளைப் பல வீடுகளில் பார்க்கலாம். பகற்பொழுது நீள்வதும் குறைவதும்தான் இவற்றின் முடி உதிர்வுக்கு நாள் குறிக்கும். ஆண்டு முழுதும் மின்விளக்கு எரியும் வீட்டில் அந்தக் கணக்கு குழம்பி, முடி கொட்டிக்கொண்டே இருக்கும். கோடைக்கென்று முடியை மழித்துவிடுவதும் தீர்வாகாது. வெயிலிலிருந்து தோலைக் காப்பதும் அதே முடிதான். தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாத வெளிநாட்டு இனங்களின் பட்டியலில் சைபீரியன் ஹஸ்கி, அலாஸ்கன் மாலமுட், செயின்ட் பெர்னார்ட் ஆகியவற்றைச் சேர்த்ததற்கு இந்த உடலியலே நியாயம் சொல்கிறது.

அவற்றின் தாயகத்திலும் நிலைமை மாறிவருகிறது. இடிடராட் பந்தயத்தின் தொடக்க விழாவுக்கு 2016இல் ரயிலில் பனி ஏற்றி ஆங்கரேஜ் நகரத் தெருக்களில் கொட்டினார்கள். 2003, 2015, 2017, 2025 ஆகிய ஆண்டுகளில் வழியில் போதிய பனி இல்லாமல் பந்தயத்தையே வடக்கே ஃபேர்பேங்ஸுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. கிரீன்லாந்தில் 2002இல் சுமார் 25,000 ஆக இருந்த சறுக்குவண்டி நாய்கள் 2020இல் 13,000 அளவுக்குக் குறைந்துவிட்டன. கடற்பனி மெலிவது ஒரு காரணம். பனிவாகனங்கள் வந்தது இன்னொன்று. வேட்டைக்குப் போக வழி இல்லையென்றால் பத்துப் பதினைந்து நாய்களுக்கு இறைச்சி தேடிப் போடுவது ஒரு குடும்பத்துக்குச் சுமை.

வடதுருவ வட்டத்துக்கு வடக்கேயும் கிழக்குக் கரையிலும் வேறு இன நாய்களைக் கொண்டுவரக் கூடாது என்று கிரீன்லாந்து நெடுங்காலமாகத் தடை வைத்திருக்கிறது. அதன் பலன் 2025இல் வெளிவந்த ஆய்வில் தெரிந்தது. பழங்காலத்தவை, இன்றையவை என்று 92 நாய்களின் மரபணுத்தொகையைப் படித்தவர்கள், ஐரோப்பிய நாய்களின் கலப்பு மிகக் குறைவு என்று கண்டார்கள். வட்டாரத்துக்கு வட்டாரம் இந்த நாய்கள் தனித்தனி வம்சங்களாக நிற்கின்றன. அந்தப் பிரிவுகள் அங்கு வாழும் இனுயிட் மக்களின் பிரிவுகளோடு பொருந்துகின்றன. எந்த வட்டாரத்து வம்சத்தை முதலில் காக்க வேண்டும், எவற்றை ஒன்றோடொன்று சேர்க்கலாம் என்று நாய் வளர்ப்போரும் ஆய்வாளர்களும் சேர்ந்து முடிவெடுக்க இப்போது அவர்கள் கையில் ஒரு வரைபடம் இருக்கிறது.